காசிம் பாயின் தேனும் எங்கள் ஃப்ரிட்ஜும்

1

எங்கள் ஊர் சனிக்கிழமைச் சந்தையை இந்த வாரத்தோடு மூடுகிறார்கள். இனி மே மாதம்தான். எங்கள் ஊர் என்று நான் எழுதுவது கனடாவில் ஒன்டாரியோ பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஊரை. ஆவடியைவிட்டு வந்து இந்த அக்டோபரோடு எட்டு வருடம் ஆகிறது. இன்னும் ‘எங்கள் ஊர்’ என்று எழுத வந்தால், எந்த ஊர் என்று கை ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறது. பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருபத்தைந்து வருடம் வளர்ந்தவள் நான். கை அப்படித்தான் யோசிக்கும், யோசிக்கட்டும்.

கோடையில் சனிக்கிழமை ஆனால் எனக்கு வேலை ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு மகள் நிம்மியை எழுப்பி, அவள் முனகுவதைக் காதில் வாங்காமல், ஐஸ் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்கு நடத்திக் கூட்டிப் போவது. அங்கேதான் சந்தை. விளைவித்தவர்களே கொண்டுவந்து விற்பார்கள். சோளக்கதிர், பூசணி, தக்காளி, வீட்டில் சுட்ட ரொட்டி. வரிசையின் கடைசியில் ஒரு மடக்கு மேசை போட்டு, ஜாம் பாட்டில்களில் தேன் வைத்துக்கொண்டு லிண்டா உட்கார்ந்திருப்பாள். என் வயதுதான் அவளுக்கும். மற்ற நாட்களில் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நிம்மி போவதும் அந்தப் பேருந்தில்தான். வீட்டுக்குப் பின்னால் ஒன்பது பெட்டிகளில் தேனீ வளர்க்கிறாள்.

இந்த வாரம் மூன்று பாட்டில் வாங்கி வந்தேன். குளிர்காலத்துக்குப் போதும். அதை அலமாரியில் அடுக்கும்போது காசிம் பாய் ஞாபகம் வந்தது. போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் செல்வத்திடம்கூட பாதிதான் சொன்னேன். என் தவறு என்பதால் கொஞ்சம் வெட்கம். இப்போது எழுதிவிடுகிறேன்.

2

லிண்டாவிடம் நான் பேசிய முதல் வாக்கியமே வம்பாகப் போனது.

தேனீ என்பதில் ஈ இருக்கிறது அல்லவா? ஆங்கிலத்தில் தேனீக்கு ஒற்றை எழுத்தில் ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைத் தமிழ் வாயால், தின்கிற பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிச் சத்தமாகச் சொல்வது? அதை நம் ஊரில் எதற்குச் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். கூச்சத்தில் நாக்கு புரண்டு, தமிழை அப்படியே ஆங்கிலமாக்கி, “உங்கள் தேனில் எத்தனை ஈ வேலை செய்கிறது?” என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்ற அம்மாள் கையிலிருந்த பாட்டிலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு ரொட்டிக் கடைப் பக்கம் நகர்ந்தாள்.

நிம்மிக்கு அப்போது ஆறு வயது. “ப்ளீஸ்மா” என்று என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் தமிழே தகராறு. “தேன் வேணுமா?” என்று கேட்டால், அதை ‘டென்’ என்று காதில் வாங்கி, “பத்து என்னதும்மா?” என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்கிற பிள்ளை. ஆனால் அம்மா மானத்தை வாங்குகிறாள் என்பது மட்டும் எந்த மொழியிலும் அவளுக்குப் புரிந்துவிடும்.

லிண்டா சிரிக்கவில்லை. “ஈ இல்லை, தேனீ. எண்ணிப் பார்த்ததில்லை” என்று சொல்லி ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

நான் அடுத்த வம்பை ஆரம்பித்தேன். கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். ஒரு குச்சியை மருந்துப் பக்கமாகத் தேனில் முக்கி எடுத்து, துடைத்துவிட்டு, உரசினேன். பற்றிக்கொண்டது. சுத்தமான தேன். எனக்கு ஒரே சந்தோஷம். தலையை நிமிர்த்திப் பார்த்தால் சந்தைப் பொறுப்பாளர் ஓடி வருகிறார், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

சந்தைக்குள் நெருப்புப் பற்றவைக்கக் கூடாதாம். விதி இருக்கிறதாம். குச்சியை அணைத்த பிறகும் அவர் விடவில்லை. ஒரு படிவம் கொண்டுவந்தார். பெயர், முகவரி, சம்பவம் நடந்த இடம், சேதம் உண்டா. கடைசியில் ஒரு கட்டம்: நெருப்புப் பற்றவைத்ததன் காரணம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ‘தேன் நேர்மையானதா என்று பார்க்க’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். அவருடைய ஃபைலில் அந்தத் தாள் இன்றைக்கும் இருக்கும்.

லிண்டா மட்டும், “எனக்கும் ஒரு குச்சி கொடு” என்று வாங்கிப் பார்த்தாள். உரசவில்லை, நல்லவேளை. “இதை யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டாள்.

“எங்கள் ஊரில் எல்லோரும் செய்வார்கள்” என்றேன்.

3

உண்மையில் எல்லோரும்தான் செய்வார்கள். நம் ஊரில் தேன் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் போலீஸ்காரர்கள் மாதிரிதான். ஒருத்தர் செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டு, அந்தப் பக்கம் ஊறுகிறதா என்று திருப்பிப் பார்ப்பார். ஒருத்தர் தண்ணீர் டம்ளரில் விடுவார். நாய்க்கு வைத்துப் பார், நக்காவிட்டால் அசல் தேன் என்று சொல்கிற ஆட்களும் உண்டு. எங்கள் வீட்டில் அம்மாவின் சோதனை தீக்குச்சி. அம்மா பெயர் லூர்து. அவளிடம் தப்பித்துப் போன வியாபாரி கிடையாது. மீன்காரம்மா, பழைய பேப்பர்காரர், பால்காரர், ஒருத்தரையும் ‘ங்க’ போட்டுப் பேசியவள் இல்லை. நீ, வா, போ. அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் வாசலே ஒரு சின்னச் சந்தையாகிவிடும். கீரை, கொய்யா, நாட்டுக்கோழி முட்டை. பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் காசிம் பாய் தேன் கொண்டுவருவார். திருமழிசை எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் அவருக்கு வேலை. பட்டறைக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பில் நாலு பெட்டி வைத்திருந்தார். மற்ற தேன்காரர்கள் பிராந்தி பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். பாய் அதைத் தொடமாட்டார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற கண்ணாடி பாட்டிலை வாங்கி, சுடுதண்ணீரில் கொதிக்கவைத்து, அதில்தான் ஊற்றுவார். ரப்பர் மூடியோடு இருக்கும்.

பாய்க்குச் சிகரெட், பீடி எதுவும் கிடையாது. ஆனாலும் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். அம்மாவுக்காகத்தான். “லூர்தக்கா வருது” என்று யாராவது சொன்னாலே பாட்டிலின் மேல் தீப்பெட்டியை வைத்து நீட்டிவிடுவார்.

“எரிச்சிப் பாத்துக்கோ யக்கா. அப்பால வாங்கு.”

“பாக்காம வுடுவேனா? நீ நல்லவன்தான். உன் தேன் எப்படின்னு யாருக்குத் தெரியும்?”

வாரா வாரம் இதே பேச்சு. குச்சி பற்றும், அம்மா வாங்குவாள், இரண்டு பேருக்கும் திருப்தி.

எண்பத்தாறாம் வருடம் அப்பா ஃப்ரிட்ஜ் வாங்கினார். எங்கள் தெருவிலேயே முதல் ஃப்ரிட்ஜ். கைப்பிடிக்கு லேஸ் உறை, தலைக்குப் பூப்போட்ட விரிப்பு. எதை உள்ளே வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் வைத்தோம். பக்கத்து வீட்டு இட்லி மாவு, மிளகாய்த் தூள், டார்ச் லைட்டின் பேட்டரி, என் நகச்சாயம், வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய். அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிய தேன் பாட்டிலை நான்தான் கதவுத் தட்டில் வைத்தேன். கெடாமல் இருக்கட்டும் என்று ஒரு அக்கறை.

மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், பாட்டிலில் முக்கால்வாசி வெள்ளையாக, சொரசொரவென்று மணல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இதே ஃப்ரிட்ஜில் வேளாங்கண்ணி எண்ணெயும் கல்லாக உறைந்துதான் கிடந்தது. தேங்காய் எண்ணெய். குளிரில் உறையும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் எண்ணெய்க்காரரைப் பிடிக்கவில்லை. தேன் மட்டும் மாட்டிக்கொண்டது.

அன்றைக்குப் பூசையில் அம்மா என்ன ஜெபித்தாளோ தெரியாது. முந்தானைக்குள் பாட்டிலை மறைத்து வைத்துக்கொண்டு நின்றாள். பூசை முடிந்ததும் நேராக வாசலுக்குப் போனாள்.

“இன்னா பாய் இது? பாரு, முக்கா பாட்டில் சக்கர. கோயில் வாசல்ல நின்னுகினு எங்களையே ஏமாத்துறியா?”

பாய் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “யக்கா, நான் ஒன்னியும் கலக்கல. தேன் ராட்டுலேர்ந்து புழிஞ்சி, வடிகட்டி, அப்பிடியே ஊத்துனது.”

“அப்போ உன் பூச்சி வந்து சக்கர போட்டுச்சா?”

கூட்டம் கூடிவிட்டது. பாய் தானாகவே தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை முக்கி உரசினார். பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் பற்றவில்லை. மூன்றாவது குச்சி தலை நசுங்கி உடைந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து வந்த பாட்டில் உள்ளும் புறமும் வியர்த்துக்கிடந்தது. குச்சி நனைந்தது அதனால்தான். அது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

“எம் பொண்ணு காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சிகீறா” என்றாள் அம்மா. “ரோசி, நீ சொல்லுடி.”

எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம். என் படிப்பைப் பற்றி ஒருத்தர் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன். பல்லில் நறநறவென்றது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். “சர்க்கரைதான். சூப்பர்சாச்சுரேட்டட் சொல்யூஷன். அதான் கிரிஸ்டல் ஆகியிருக்கு” என்றேன்.

அதோடு முடிந்தது. படித்த பெண் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாளே. கையில் பாட்டில் வைத்திருந்தவர்கள் எல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். பாய் வாதாடவே இல்லை. என்னை ஒரு முறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். பரீட்சையில் தன் மார்க்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி பார்த்தார். பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிச் சைக்கிளில் கட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

4

லிண்டாவிடம் வாங்கிய முதல் பாட்டில் நவம்பரில் உறைந்தது. தீக்குச்சிச் சோதனையில் தேறிய பாட்டில். சமையலறை ஜன்னலோரம் இருந்தது, ஒரு நாள் காலையில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று கட்டி. ஸ்பூன் வளைந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சந்தை மூடிவிட்டது, இல்லாவிட்டால் அன்றைக்கே போயிருப்பேன். தினமும் காலை அவளுடைய மஞ்சள் பேருந்து வாசலில் நிற்கும், கையசைப்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கையசைப்பேன். பிள்ளையை ஏற்றிப் போகிறவளிடம் வாசலில் வைத்துச் சண்டை போட முடியுமா? “வெள்ளைக்காரி மட்டும் யோக்கியமா? எல்லா ஊரிலும் ஒரே கதைதான்” என்று செல்வத்திடம் புலம்பினேன். “நீ மேசை மேல வச்சிட்டு மே மாசம் வரைக்கும் முறைச்சிக்கிட்டே இரு” என்றார் அவர். அப்படியேதான் செய்தேன்.

மே மாதம் முதல் சனிக்கிழமை, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனது அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. லிண்டாவின் மேசையில் டொக்கென்று வைத்தேன். “இதில் சர்க்கரை கலந்திருக்கிறது” என்றேன். நிம்மி எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

லிண்டா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட நகரவில்லை. “நல்ல தேன்” என்றாள்.

“உறைந்துபோயிருக்கிறது.”

“ஆமாம். குளிர்ந்தால் உறையும். வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். இங்கே எல்லாத் தேனும் அப்படித்தான்.” மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினாள். போன வருடத் தேன். இருபது பாட்டிலும் வெள்ளைக் கட்டி. “உங்கள் ஊரில் உறையாதா?”

“உறையாது” என்றேன். “எங்கள் ஊரில் குளிரே...”

வாக்கியத்தை முடிக்கவில்லை. லேஸ் உறை போட்ட கைப்பிடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கதவுத் தட்டு. நான் வைத்த பாட்டில். நான் சொன்ன ஆங்கில வார்த்தை. அந்த வார்த்தையில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் கொடுமை. தேன் என்பதே அப்படிப்பட்ட கரைசல்தான். சர்க்கரை நிறைய, தண்ணீர் கொஞ்சம். குளிர்ந்தால் படிகமாகும். பாடத்தைச் சரியாகச் சொல்லி ஒரு மனிதரைத் திருடனாக்கியிருக்கிறேன்.

அங்கேயே அழுதுவிட்டேன். லிண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டிலை மாற்றித் தருகிறேன் என்று புதிதாக ஒன்றை எடுத்து நீட்டினாள். வேண்டாம், இதுவே போதும், இது எனக்கு வேண்டும் என்று கட்டியாக இருந்ததையே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

5

டிசம்பரில் ஊருக்கு வந்தபோது அந்தக் கட்டித் தேனைச் சேலைக்குள் சுற்றி எடுத்துவந்தேன். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, “இன்னா மேடம், டால்டாவா?” என்றார்.

“தேன் சார்.”

“தேனா?” குலுக்கிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் மூடியைத் திறந்து மோந்தார்கள். அசையாத பொருளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. கடைசியில் முதல் அதிகாரி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நல்லா ஏமாத்திட்டான் மேடம் வெள்ளக்காரன். பூரா சக்கர. எடுத்துகினு போங்க.”

அவரை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

வீட்டில் அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஒரு துணுக்கை நாக்கில் வைத்தாள், துப்பினாள். “சக்கர. இத்தப் போயி ஏரோப்ளேன்ல தூக்கிகினு வந்தியா?”

நான் ஃப்ரிட்ஜ் கதையைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். முடித்ததும், “எந்த பாயி?” என்றாள். அவளுக்கா தெரியாது? பத்து வருடத்துக்கு முன்னால் எந்தக் கொய்யாக்காரி எத்தனை அழுகல் காய் கொடுத்தாள் என்று சொல்கிறவள்.

“காசிம் பாய்மா.”

“நீதான கெமிஸ்ட்ரி படிச்சவ? நானா படிச்சேன்?” என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதே சமயம், அவள் சொன்னதும் சரிதான். அதற்கு மேல் அவளிடம் பேசவில்லை. எனக்கு இருந்தது மூன்று வாரம். நானே போய் பாயைத் தேடிக் கண்டுபிடிப்பது என்று இருந்தேன்.

ஆனால் மறுநாள் மத்தியானம் பார்த்தால், பாட்டில் காம்பவுண்டுச் சுவர் மேல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாள் வெயிலில் அது இளகிப் பொன்னிறமாகிவிட்டது. ஸ்பூனால் எடுத்து ஊற்றிப் பார்த்தாள். தீக்குச்சியை முக்கி உரசினாள், பற்றிக்கொண்டது. அப்புறம் துணியால் துடைத்து, அதே ஃப்ரிட்ஜின் அதே கதவுத் தட்டில் வைத்தாள். ஃப்ரிட்ஜுக்கு வயதாகிவிட்டது, ஆனால் குளிர் குறையவில்லை. தினமும் காலையில் காபி போடுவதற்கு முன்னால் கதவைத் திறந்து ஒரு பார்வை. நிம்மியும் அவளோடு போய் நின்றுகொள்வாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. கதவைத் திறந்து பார்க்க மொழி எதற்கு? “நாட் யெட்” என்பாள் நிம்மி. “இன்னும் இல்ல” என்பாள் அம்மா. நாலாம் நாள் நிம்மியும் “இன்னும் இல்ல” என்றாள். ஏழு வருடத்தில் நான் சொல்லித்தராததை அந்த ஃப்ரிட்ஜ் சொல்லித் தந்தது.

எட்டாம் நாள் பாட்டிலின் அடியில் வெள்ளை படிந்திருந்தது. அம்மா வெகுநேரம் கதவைத் திறந்தபடியே நின்றாள். கரண்ட் வீணாகிறது என்று மற்றவர்களைத் திட்டுகிறவள்.

“ரோசி,” என்றாள். “பூந்தமல்லிக்கு எந்த பஸ்ல போவணும்?”

6

குமணன்சாவடியில் இறங்கி விசாரித்தோம். சைக்கிள் கடைக்காரரிடம், “தேன் காசிம் பாய் வீடு எங்கண்ணா?” என்று கேட்டேன்.

“தேனா? தேன் விக்கிற பாய் யாரும் இங்க கெடையாதும்மா. லேத்து காசிம் பாய்தான் கீறாரு. மசூதி தெருல, பச்ச கதவு ஊடு.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பச்சைக் கதவை பாயே திறந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. எங்களை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். “லூர்தக்கா!” என்று சத்தமாகச் சிரித்தார். நான் பயந்து பயந்து வந்ததற்கு அந்தச் சிரிப்பு பொருத்தமாகவே இல்லை. “இது நம்ம பாப்பாவா? வெளிநாட்டுல கீதுன்னு கேள்விப்பட்டேன். உள்ள வா, உள்ள வா.” வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். நிம்மிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

டீ வருவதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். இல்லாவிட்டால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று தெரியும். கையோடு கொண்டுவந்த பாட்டிலைக் காட்டினேன். கனடா, குளிர், ஃப்ரிட்ஜ், கதவுத் தட்டு, நனைந்த குச்சி, எல்லாவற்றையும் சொன்னேன். “உங்க தேன்ல தப்பே இல்ல பாய். நான்தான் தெரியாம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தார். மேலே இருந்தது இறங்கியது, அடியில் இருந்தது நகரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தார்.

“குளுந்தா ஒறயுமா?”

“ஆமா பாய். எல்லாத் தேனும்.”

“சூப்பர் சாச்சு... இன்னாவோ சொன்னியே பாப்பா அன்னிக்கி.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“உன் மேல எனக்குக் கோவமே கெடையாது,” என்றார். “நீ படிச்ச புள்ள. பொய்யா சொல்லுவே? சக்கரதான்னு நானும் நம்பிட்டேன். நான் கலக்கல, அது எனக்குத் தெரியும். அப்போ யாரு கலந்தா? அக்கா கேட்டுச்சே, உன் பூச்சி போட்டுச்சான்னு. ராவெல்லாம் அதே ரோசன. அந்த வருசம்தான் எங்க பட்டறைக்கு எதுக்க ஒரு மிட்டாய் கம்பெனி தொறந்தான். வாசல்லயே பாகு காய்ச்சி ட்ரம்முல வெச்சிருப்பான். சரி, இதுங்க பூவுக்குப் போவாம அங்க போயி குடிச்சிட்டு வந்து நம்மள கவுத்துடுச்சின்னு நெனச்சேன். நானே போயி அந்த ட்ரம்மாண்ட நின்னு பாத்தேன். ரெண்டு பூச்சி ஒக்காந்துகினு இருந்துச்சி. அவ்ளோதான். அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் விக்கல. தெரிஞ்சே எப்பிடிமா விக்கிறது?”

“பொட்டியெல்லாம்?” என்று கேட்டாள் அம்மா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

“ரெண்டக் குடுத்துட்டேன். ரெண்டு மாடில கீது. வுட மனசு வரல. வருசத்துக்கு ஒருவாட்டி எடுத்து ஊட்டுக்கு மட்டும் வெச்சிக்குவோம்.” பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவினார். “பத்து வருசமா அதுங்கள திருட்டுப் பசங்கன்னு திட்டிகினு கீறேன் பாப்பா. தெனம் காலைல மாடிக்கிப் போனா, எந்தக் கம்பெனிக்கிடா கெளம்பிட்டீங்கன்னுதான் கேப்பேன்.” மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். “எங்கிட்ட மன்னிப்பு கேக்குற. நான் அதுங்ககிட்ட எப்பிடிக் கேக்குறது?”

பாய் எழுந்து மாடிக்குப் போனார். நிம்மி அவர் பின்னாலேயே ஏறினாள், நானும் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு மரப்பெட்டிகள். தேனீக்கள் ஏரிப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தன. பாய் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான் படியிலேயே நின்றுவிட்டேன். நிம்மி என்னிடம் ஓடிவந்து, சந்தையில் வெட்கப்பட்டு என் கோட்டைப் பிடித்து இழுத்த அதே பிள்ளை, தமிழில் ரகசியமாக, “ஈ!” என்றாள்.

“தேனீ” என்றேன்.

கீழே வந்தபோது அம்மா டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவிடமே கேட்டதில்லை. கையில் கொண்டுவந்திருந்த கூடையை முன்னால் நகர்த்தி, “தேன் கீதா பாய்?” என்று மட்டும் கேட்டாள்.

பாய் உள்ளே போனார். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் குளுக்கோஸ் பாட்டில், பழைய ரப்பர் மூடியோடு, கழுத்துவரை தேன். துணியால் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். நீட்டியவர், ஏதோ மறந்தவர் மாதிரி, அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பாட்டிலின் மேல் வைத்தார்.

“எரிச்சிப் பாத்துக்கோ யக்கா. அப்பால வாங்கு.”

கேலி இல்லை, குத்தல் இல்லை. பழைய பழக்கத்தில் அப்படியே வந்த வார்த்தை.

அம்மா தீப்பெட்டியை எடுத்தாள். ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். பிறகு பாயின் உள்ளங்கையைப் பிரித்து, அதில் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடினாள்.

“நீங்க வெச்சிக்கோங்க பாய். இது வேணாம்.”

பாய் தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.